கெட்டிக்காரர்களின் ராஜ்யம்

தகுதி என்ற சொல் நம் சூழலில் ஒரு விவாதத்தை ஆரம்பிப்பதற்கு அல்ல, முடித்துவைப்பதற்கே பயன்பட்டுவருகிறது. தகுதி இருந்தால் வரட்டுமே என்று ஒருவர் சொல்கிறார். எங்களுக்கும் தகுதி இருக்கிறது, மார்க்கைப் பாருங்கள் என்று மற்றவர் பதில் சொல்கிறார். இருவரும் தாங்கள் எதிரெதிர் அணி என்று நம்புகிறார்கள். உண்மையில் இருவரும் ஒரே தராசின் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பது யார் என்பதில்தான் தகராறு. அந்தத் தராசு யாருடையது, அது எதை நிறுக்கிறது, நிறுத்துச் சொன்ன எடையை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் யோக்கியதையைத் தீர்மானிக்க அதற்கு என்ன பாத்தியதை என்ற கேள்விகள் எழுவதேயில்லை. அரசியல்வாதிகளிடம் இதை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் எல்லா மதிப்பீடுகளையும் கேள்விக்குள்ளாக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் சிறு பத்திரிகைக்காரர்களும் இந்த ஒரு மதிப்பீட்டின் முன் மட்டும் கைகட்டி நிற்பது விசித்திரம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெற்றி புத்திக்கு அத்தாட்சி அல்ல. புத்தி அதிகாரத்துக்கு உரிமைப் பத்திரமும் அல்ல. இந்த இரண்டு பொய்களையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத் தன்னை அமைத்துக்கொள்ளும் ஒரு சமூகம், தோற்றவனிடமிருந்து சோற்றை மட்டும் பறிப்பதில்லை. தனக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லிக்கொள்ளும் வாயையும் சேர்த்துப் பறித்துவிடுகிறது.

2

இன்று உலகம் முழுவதும் புகழ்ச்சியாக வழங்கும் 'மெரிட்டோக்ரஸி' என்ற சொல் ஒரு வசவாகப் பிறந்தது. 1956இல் ஆலன் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய சமூகவியலாளர் அதைப் பழிச்சொல்லாகவே பயன்படுத்தினார். அதைப் பிரபலமாக்கியது 1958இல் மைக்கேல் யங் எழுதிய அங்கத நூல். யங் சாதாரண ஆள் அல்ல. 1945இல் பிரிட்டிஷ் தொழிற்கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவந்த தேர்தல் அறிக்கையின் வரைவாளர். கட்சி எந்தத் திசையில் போகிறது என்று உள்ளே இருந்து பார்த்தவர்.

அவருடைய புத்தகம் 2033இல் உட்கார்ந்துகொண்டு ஒரு சமூகவியலாளர் எழுதும் அறிக்கையின் வடிவில் இருக்கிறது. பரம்பரைப் பிரபுக்கள் ஒழிந்துவிட்டார்கள். புத்தியையும் பிரயத்தனத்தையும் கூட்டினால் வருவது தகுதி என்று சூத்திரம் வகுத்து, சிறு வயதிலேயே பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்தவர்களின் கையில் தேசம் இருக்கிறது. மேலே இருப்பவர்களுக்குச் சந்தேகமே இல்லை. தங்களுக்கு வருவதெல்லாம் தங்களுக்கு உரியதே. கீழே இருப்பவர்களுக்கும் சந்தேகம் இல்லை. பலமுறை வாய்ப்புக் கொடுத்துப் பார்த்து மட்டம் என்று நிரூபிக்கப்பட்டவர்கள் அவர்கள். இந்த ஏற்பாடு எவ்வளவு நேர்த்தியானது என்று அறிக்கைக்காரர் புகழ்ந்துகொண்டே போகிறார். கடைசியில் ஒரு அடிக்குறிப்பு. ஜனங்கள் கலகம் செய்த இடத்தில் ஆசிரியர் கொல்லப்பட்டுவிட்டதால் அவரால் புரூஃப் திருத்த முடியவில்லை என்று பதிப்பாளர் வருத்தம் தெரிவிக்கிறார்.

இந்த நூலைப் பல பதிப்பாளர்கள் திருப்பியனுப்பினார்கள். வந்த பிறகு நடந்தது அதைவிட வேடிக்கை. கேலியை உருவிப் போட்டுவிட்டு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வருஷம் கழித்து அதே தொழிற்கட்சியின் பிரதமர் டோனி பிளேர் தன் லட்சியச் சமூகத்துக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தார். 2001இல், சாவதற்குச் சில மாதங்கள் முன்னால், எண்பத்தைந்து வயதில் யங் பத்திரிகையில் எழுதி மன்றாட வேண்டியிருந்தது: அந்தச் சொல்லை நிறுத்துங்கள், அது எச்சரிக்கையாக எழுதப்பட்டது என்று. யாரும் நிறுத்தவில்லை.

ஒரு அங்கதம் இப்படிக் கொள்கையாக மாறியதற்கு வாசகர்களின் மந்தபுத்தி காரணம் அல்ல. ஜெயித்தவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. அதிர்ஷ்டசாலிக்கு அதிர்ஷ்டம் மட்டும் போதாது, அது தனக்கு நியாயமாகச் சேரவேண்டியது என்ற நிச்சயமும் வேண்டும் என்று மாக்ஸ் வேபர் ரொம்ப காலம் முன்பே கண்டுசொன்னார். இவ்வகைச் சமாதானங்களில் மிக முழுமையானதாக அவர் கருதியது நம்முடைய கர்மக் கொள்கையை.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் பௌத்த, இந்து நூல்களை மொழிபெயர்த்தவர்கள் புண்ணியம் என்பதற்குப் போட்ட சொல் 'மெரிட்'தான். தகுதி ஆட்சியை மேற்கிலிருந்து வந்த நவீனச் சரக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். போன ஜன்மத்தில் சேர்த்த புண்ணியத்தால் இவன் இங்கே பிறந்தான், செய்த பாவத்தால் அவன் அங்கே பிறந்தான், எனவே யாருக்கும் அநியாயம் இல்லை என்றது பழைய கணக்கு. போன ஜன்மம் இருந்த இடத்தில் ஒரு மூன்று மணி நேரப் பரீட்சையை வைத்தால் புதிய கணக்கு வந்துவிடுகிறது. பழைய கணக்கிலாவது ஒரு ஓட்டை இருந்தது. போன ஜன்மத்தை யாரும் பார்த்ததில்லை என்பதால் நம்பாமல் இருக்க முடிந்தது. சித்தர்கள் முதல் பெரியார் வரை நம்பாதவர்கள் இருந்தார்கள். புதிய கணக்குக்கு அச்சடித்த மார்க் ஷீட் இருக்கிறது.

3

தராசைக் கொஞ்சம் பார்க்கலாம். புத்தியை எண்ணால் அளக்கும் முறையை 1905இல் பாரிஸில் ஆரம்பித்துவைத்த ஆல்ஃப்ரெட் பினே, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளை அடையாளம் கண்டு உதவி செய்வதற்காகத்தான் அதைச் செய்தார். புத்தி என்பது கூட்ட முடியாத, மாறாத ஒரு அளவு என்ற எண்ணத்தை அவரே கண்டித்திருக்கிறார். அவர் 1911இல் இறந்தார். கருவி அமெரிக்காவுக்குப் போனது. உதவி தேவைப்படுகிறவனைக் கண்டுபிடிக்கச் செய்த கருவி, யாருக்கு உதவி செய்வது வீண் என்று சொல்லும் கருவியாயிற்று.

கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கி ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட மேதைக் குழந்தைகளைப் பொறுக்கியெடுத்து ஆயுள் முழுவதும் பின்தொடர்ந்தார். அவர்களில் ஒருவரும் நோபல் பரிசு வாங்கவில்லை. சோதனையில் போதிய எண் வராமல் தள்ளப்பட்ட இரண்டு பையன்கள் வாங்கினார்கள்: 1956இல் வில்லியம் ஷாக்லி, 1968இல் லூயிஸ் ஆல்வரெஸ். இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது ஷாக்லி அப்புறம் செய்தது. தராசு தன்னைத் தப்பாக நிறுத்தது என்று தெரிந்த ஒரு மனிதர், பிற்காலத்தில் அதே தராசைத் தூக்கிக்கொண்டு, எண் குறைந்தவர்களுக்குப் பணம் கொடுத்துக் கருத்தடை செய்ய வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். ஜெயித்துவிட்ட பிறகு தராசின் தவறு ஞாபகத்தில் இருப்பதில்லை.

இங்கிலாந்தில் பதினோரு வயதில் பரீட்சை வைத்துக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்த முறைக்கு சாஸ்திர பலம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சிரில் பர்ட். புத்தி பெரும்பாலும் பிறவியில் வருவது என்பதற்கு, பிரிந்து வளர்ந்த இரட்டையர்களைப் பற்றிய அவருடைய கணக்குகள் ஆதாரமாக இருந்தன. முதலில் 21 ஜோடிகள், பிறகு 53 ஜோடிகள். ஜோடிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் ஒற்றுமை விகிதம் மூன்று தசமத்துக்குப் பிசகாமல் 0.771ஆகவே நின்றது. லியோன் காமின் 1974இல் இதைச் சுட்டிக்காட்டும் வரை துறையில் யாருக்கும் உறுத்தவில்லை. 1979இல் பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அது மோசடி என்ற முடிவுக்கு வந்தார். பின்னால் அவருக்காக வாதாடியவர்களும் உண்டு. மோசடியா கவனக்குறைவா என்பதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும். நம்பமுடியாத ஒரு எண்ணைப் பெரிய புத்திசாலிகள் இத்தனை வருஷம் ஏன் நம்பினார்கள்? அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்கு அந்த எண் பொருந்தியிருந்தது.

4

சரி, தராசில் கோளாறு இருக்கலாம், ஆனாலும் கெட்டிக்காரர்கள் கையில் நிர்வாகம் இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். கெட்டிக்காரர்கள் ஆண்டதில்லை என்றால் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு.

1961இல் அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரியாக வந்த ராபர்ட் மக்நமாரா, அதற்கு முன் ஃபோர்டு கம்பெனியின் தலைவர், அதற்கும் முன் யுத்தகாலப் புள்ளிவிவர நிபுணர். அவரையும் அவரைச் சுற்றியிருந்தவர்களையும் விடக் கூர்மையான ஒரு கூட்டம் வாஷிங்டனில் அதுவரை கூடியதில்லை என்று பேசப்பட்டது. அவர்கள் வியட்நாமை ஒரு கணக்காகப் போட்டார்கள். பிணங்களை எண்ணி முன்னேற்றத்தை அளந்தார்கள். 1966இல் மக்நமாரா இன்னொரு திட்டம் கொண்டுவந்தார். அறிவுச் சோதனையில் எண் குறைந்ததால் ராணுவம் தள்ளிவைத்திருந்தவர்களை, தரத்தைத் தளர்த்தி உள்ளே எடுப்பது. ஏழைப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து முன்னேற்றுவதாகப் பேச்சு. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இப்படிச் சேர்த்தார்கள். அவர்களிடையே சாவு விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. வேலை கேட்டு வந்தால் வெளியே நிறுத்திய அதே எண், சாக ஆள் தேவைப்பட்டபோது உள்ளே விட்டது. தான் செய்த யுத்தம் பிழை என்று மக்நமாரா புத்தகம் எழுதி ஒப்புக்கொண்டது 1995இல். நடுவில் பதின்மூன்று வருஷம் உலக வங்கியின் தலைவராக இருந்து ஏழை நாடுகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கெட்டிக்காரர்கள் தோற்பதில்லை, மாற்றலாகிப் போகிறார்கள்.

பொருளாதாரத்துக்கு வருவோம். 1997இல் ராபர்ட் மெர்ட்டனுக்கும் மைரன் ஷோல்ஸுக்கும் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். இருவரும் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் காப்பிடல் மானேஜ்மெண்ட் என்ற நிதி 1998இல் கவிழ்ந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் நியூயார்க் கிளை கூட்டிவைக்க, 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப்பிடித்தன. இவ்வளவு புத்தியும் ஒரே அறையில் இல்லாதிருந்தால் இவ்வளவு கடன் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் இதில் பாடம். அசடனுக்குக் கொஞ்சமாகத்தான் கடன் கிடைக்கும். அவனால் ஆகக்கூடிய நாசமும் கொஞ்சம்தான்.

சந்தை திறமைக்கேற்ற கூலி கொடுக்கிறது என்று நம்மூரில் இப்போது மேடைக்கு மேடை பேசுகிறார்கள். சந்தையின் பெரிய ஆசாரியரான ஹயெக் அப்படிச் சொன்னதில்லை. 1960இலேயே அவர் தெளிவாக எழுதிவிட்டார்: சந்தை கொடுப்பது பிறருக்கு அந்தச் சமயத்தில் எதற்கு மதிப்பு இருக்கிறதோ அதற்கு விலை, அதற்கும் ஒருவனுடைய தார்மீகத் தகுதிக்கும் சம்பந்தம் இல்லை. எதிர்பாராத சம்பவங்களும் பிறவியில் வந்த வசதிகளும் அதில் கலந்தே இருக்கும். 1976இல் இன்னும் ஒரு படி போய், உழைத்தவன் உயர்வான் என்று இளைஞர்களுக்குச் சொல்லிச் சந்தையை நியாயப்படுத்துவதில் இருக்கும் ஆபத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். தங்களைவிடத் திறமை குறைந்தவன் மேலே போவதைப் பார்த்தவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று. ஹயெக்கின் முடிவுகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் இருக்கும் நேர்மையில் நூறில் ஒரு பங்குகூட அவர் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்களிடம் இல்லை. லாபத்தை லாபம் என்று எடுத்துக்கொண்டு போக அவர்களுக்கு மனமில்லை. அதற்கு மேல் விபூதியும் பூசிக்கொள்ள வேண்டும்.

5

இனி நம் வாசலுக்கு. 2024 ஜூனில் நீட் பரீட்சை முடிவு வந்தது. எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். 720க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர். பிறகு கருணை மதிப்பெண் கொடுத்ததில் தகராறு, அதை ரத்து செய்து மறுபரீட்சை. 67 என்பது 61 ஆனது. பிறகு பௌதிகத்தில் ஒரு கேள்வி. பழைய பாடப் புத்தகத்தின்படி ஒரு விடை, புதியதன்படி இன்னொன்று. இரண்டுக்கும் மார்க் கொடுத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் டில்லி ஐ.ஐ.டி.யைக் கேட்டு, ஒன்றுதான் சரி என்றது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மார்க் இறங்கியது. 61 என்பது 17 ஆனது. அந்த ஜூலை மாதத்தில் ஒரு நாள் இரவு தூங்கி எழுந்த நாற்பத்துநான்கு பேர் தேசத்தின் முதல் ஸ்தானத்திலிருந்து இறங்கியிருந்தார்கள். அவர்கள் மூளையில் ஒரு அணுவும் மாறவில்லை. அண்ணன் படித்த பழைய புத்தகத்தை வைத்துப் படித்தவனுக்கும் கடையில் புதிதாக வாங்கிப் படித்தவனுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அன்றைக்குத் தகுதி என்ற பெயரில் வழங்கியது.

அதற்கு முந்தைய வருஷம், 2023 செப்டம்பரில், மருத்துவ மேற்படிப்புக்கான நீட்டில் இடங்கள் காலியாகக் கிடந்தன. உடனே தகுதிக்கான சதமானத்தை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யம் ஆக்கினார்கள். எழுதிய எவரும் தகுதி பெற்றவரே. தகுதி குறைந்தால் நோயாளி சாவான் என்று ஐம்பது வருஷமாக இட ஒதுக்கீட்டுக்கு எதிராகக் கண்ணீர் விட்டவர்கள் அந்த நாளில் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. தனியார் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட ஆள் வேண்டுமென்றால் தராசு முள் தானே இறங்கிக்கொடுக்கும் போலிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நம் பக்கத்து நண்பர்கள் கைதட்ட வேண்டாம். 2016 வரை தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து டாக்டர்களைப் பொறுக்கினோம். அந்த மார்க் எங்கே தயாரானது? நாமக்கல் சுற்றுவட்டாரத்து விடுதிப் பள்ளிகளில். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்யவைத்த பட்டறைகள் அவை. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசாங்கப் பொதுத் தேர்வு வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனியே ஒதுக்க வேண்டிய நிலை 2020இல் வந்தது. நீட் போனால் நியாயம் வந்துவிடும் என்பது, அடுத்த தராசு நம்மூர்த் தச்சன் செய்தது என்பதால் சரியாக நிறுக்கும் என்று நம்புவதற்கு ஒப்பானது.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. இருபதுகளில் இங்கே கேட்கப்பட்டது வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம். பிரதிநிதித்துவம் என்பது பங்கு. என் ஊரில், என் வரிப்பணத்தில் நடக்கும் ஆட்சியில், என் ஆட்கள் ஏன் இல்லை என்ற கேள்வி அது. அதில் யார் கெட்டிக்காரன் என்ற விசாரணைக்கு இடமே இல்லை. 1951இல் கம்யூனல் ஜி.ஓ. உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டு, அரசியல் சட்டத்தைத் திருத்தி மீட்டெடுத்த காலத்திலும் பேச்சு பங்கைப் பற்றியதாகவே இருந்தது. இன்றைக்கு அதே பரம்பரையில் வந்தவர்கள் மேடையில் என்ன சொல்கிறார்கள்? எங்கள் கட் ஆஃபுக்கும் பொதுப் பட்டியல் கட் ஆஃபுக்கும் அரை மார்க்தான் வித்தியாசம் என்கிறார்கள். அரை மார்க் வித்தியாசம் என்பதால் பங்கு நியாயமானால், ஐம்பது மார்க் வித்தியாசம் வரும்போது பங்கு அநியாயமாகிவிடுமா? எதிரியின் தராசில் ஏறி நின்று எடை சரி என்று காட்டியவன், தராசை ஒப்புக்கொண்டுவிட்டான். அவனுக்குக் கீழே இன்னும் தராசில் ஏறவே முடியாமல் நிற்பவனுக்குச் சொல்ல அவனிடம் ஒன்றும் மிஞ்சாது.

6

மறுப்பதோடு நின்றுவிடுவது சௌகரியம். நான் சிபாரிசு செய்வது குலுக்கல்.

சிரிப்பவர்கள் உத்திரமேரூரை நினைத்துக்கொள்ளட்டும். பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் வருஷங்களில் வெட்டிய அந்தக் கல்வெட்டுக்களைக் காட்டி ஜனநாயகம் எங்கள் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படாத கட்சி கிடையாது. 2020இல் நாடாளுமன்றப் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் சொன்னார். கல்லைப் படித்தால் அது ஜனநாயகம் அல்ல. வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, முப்பத்தைந்திலிருந்து எழுபது வயது: பிரம்மதேயத்து நிலக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. தகுதி என்ற சொல்லுக்கு அடியில் எப்போதும் யாருடைய நிலம் கிடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. ஆனால் அந்த நிலக்காரர்களிடம் நம்மிடம் இல்லாத ஒரு விவேகம் இருந்தது. வரம்புக்குள் வந்துவிட்டவர்களிடையே யார் மேல், யார் கீழ் என்று அவர்கள் தேடவில்லை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவன் பெயரை ஓலையில் எழுதவில்லை. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை. ஏதென்ஸிலும் ஐந்நூற்றுவர் சபையைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள். தேர்தல் சிலராட்சியின் குணம், குலுக்கல் ஜனநாயகத்தின் குணம் என்று அரிஸ்டாட்டில் கருதியதை நம் அரசியல் பேராசிரியர்கள் வகுப்பில் சொல்வதில்லை.

பழங்கதை வேண்டாம் என்றால் நெதர்லாந்து இருக்கிறது. அங்கே 1970களிலிருந்து 2017 வரை மருத்துவப் படிப்புக்கு, பள்ளிப் படிப்பில் தேறியவர்களிடையே குலுக்கல் போட்டார்கள். மார்க் கூடினால் வாய்ப்பும் கூடும், நிச்சயம் ஆகாது. 1996இல் பத்துக்கு 9.6 சராசரி வாங்கிய ஒரு மாணவிக்கு இடம் கிடைக்காமல் போனபோது பெரிய கூச்சல் எழுந்தது. அதன் பிறகு 1999லிருந்து எட்டுக்கு மேல் வாங்கியவர்களை நேரே சேர்த்தார்கள். 2017இல் குலுக்கலையே எடுத்துவிட்டார்கள். பொறுக்கியெடுக்கும் முறை வந்ததும், அதற்குத் தயார் செய்யக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அது சாதகம் என்ற கவலை எழுந்தது. சில வருஷங்களிலேயே சட்டத்தைத் திருத்தி மறுபடி குலுக்கலுக்கு அனுமதி கொடுத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த நாட்டு ஜனங்கள் சீட்டு விழுந்து டாக்டர் ஆனவர்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். வைத்தியத்தில் பின்தங்கிய நாடு என்று அதை யாரும் சொல்லக் கேட்டதில்லை.

சீட்டு விழுந்தவன் கத்தியின் கீழ் நீ படுப்பாயா என்று கேட்பார்கள். கேட்பவர் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புகிறார். கத்தி பிடிக்கத் தெரியுமா என்பது ஒரு வரம்பு. அதைப் படிப்பின் முடிவில் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். அங்கே சலுகை கூடாது. பதினேழு வயதில் 612 வாங்கியவன் 608 வாங்கியவனைவிட நல்ல டாக்டர் ஆவான் என்பது ஜோசியம். பங்குகளைப் பிரித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பங்குக்குள்ளும் வரம்பைத் தாண்டியவர்களிடையே சீட்டுப் போடுங்கள். ஏழைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிகளில் 25 சதவீதம் ஒதுக்கும் 2009 சட்டத்தின்படி, விண்ணப்பம் அதிகமானால் நம் ஊர்ப் பள்ளிகளிலேயே குலுக்கல் நடந்திருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை. குலுக்கலுக்குக் கோச்சிங் கிடையாது என்பது அதன் முதல் லாபம். பரீட்சையும் ஒரு குலுக்கல்தான், தன்னைக் குலுக்கல் என்று ஒப்புக்கொள்ளாத குலுக்கல். ஒப்புக்கொண்டுவிட்டால் கிடைத்தவனுக்குத் தலை கனக்காது. கிடைக்காதவன் தன்னை அசடு என்று நினைத்துக்கொண்டு தூக்குக் கயிற்றைத் தேட வேண்டாம். எனக்குச் சீட்டு விழவில்லை என்று சொல்லிவிட்டு அவனால் அடுத்த காரியத்தைப் பார்க்க முடியும். இரண்டாவது லாபத்துக்காக முதல் லாபத்தைக்கூட விட்டுக்கொடுக்க நான் தயார்.

7

இதெல்லாம் இந்தப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்காகக் கடைசியாக.

ஜனரஞ்சகப் பத்திரிகைகள் விற்பனையை வைத்து எழுத்தை மதிப்பிட்டன. அதை நாம் எதிர்த்தோம், சரிதான். ஆனால் அதற்குப் பதிலாக நாம் வைத்தது என்ன? இன்று யாரும் படிக்கவில்லை, நாளை படிப்பார்கள் என்பதை. பாரதியின் சவ ஊர்வலத்தில் எத்தனை பேர் நடந்தார்கள் என்று எண்ணுவது நமக்கு அலுப்பதேயில்லை. புதுமைப்பித்தன் 1948இல் க்ஷயத்தில் செத்ததைச் சொல்லும்போது நம் குரலில் துக்கத்தோடு ஒரு திருப்தியும் சேர்ந்துகொள்கிறது. பிற்காலம் அவர்களுக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டதல்லவா, நமக்கும் வழங்கும் என்று. இது வெற்றியை நிராகரிப்பது அல்ல. வெற்றியைத் தவணையில் வாங்குவது. அவர்கள் இந்த ஜன்மத்துக் கணக்கைக் காட்டுகிறார்கள், நாம் அடுத்த ஜன்மத்துக் கணக்கைக் காட்டுகிறோம். காலம் தப்பாமல் பொறுக்கியெடுக்கும் என்ற நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? பொறுக்கப்படாமல் செல்லரித்துப்போன நோட்டுப் புத்தகங்களை யார் எண்ணினார்கள்? உ.வே. சாமிநாதையர் கைக்கு வந்தவை நமக்குக் கிடைத்தன. அதற்கு முன்பே கரையானுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் போன ஏடுகள் தகுதி குறைந்தவை என்று எந்த விமர்சகன் சொல்லத் துணிவான்?

ஒரு கவிதை நல்லதா இல்லையா என்று சொல்லக்கூடாது என்பதல்ல நான் சொல்வது. சொல்ல வேண்டும், காரணத்தோடு, வரி வரியாகச் சொல்ல வேண்டும். அதைத்தான் நாம் இப்போது செய்வதில்லை. காரணம் சொல்லச் சோம்பல்பட்டுக்கொண்டு பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியல் ரேங்க் லிஸ்ட்தான். ஒரு எழுத்தைப் பற்றிய தீர்ப்பு, எழுதியவனைப் பற்றிய தீர்ப்பாக மாறி, பிறகு எங்கே யார் பேசலாம் என்ற உத்தரவாக மாறுவதை நம் கூட்டங்களில் பார்க்கலாம். கோச்சிங் சென்டர் வாசலில் ரேங்க் வாங்கியவர்கள் முகத்தைப் போட்டு வைத்திருக்கும் தட்டிக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

மறுத்து எழுத நினைப்பவர்கள் எழுதட்டும். ஒரே ஒரு நிபந்தனை. தகுதி என்ற சொல்லைப் போடும் ஒவ்வொரு இடத்திலும், அதை நிறுத்த தராசு எது, அதைச் செய்யக் கூலி கொடுத்தது யார், அதில் ஏறாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கூடவே ஒரு வாக்கியம் எழுதிவிட வேண்டும். எழுத முடிந்தால் மேலே பேசலாம்.